இணையத்தை அடைக்கும் அதிகாரம்



சர்க்கார் நினைத்தபோது இணையத்தை நிறுத்திவைப்பதால் ஜனங்களுடைய உரிமை என்ன கதியாகின்றது என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் கம்பியும் கருவியும் படித்தவனல்ல. ஆனாலும் வாயை அடைப்பது இன்னதென்று தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை.

1933-ல் "குடிஅரசு"வை வெள்ளைக்காரச் சர்க்கார் ஜாமீன் கேட்டு நெருக்கியது. அது நின்றது, "புரட்சி" வந்தது. ஒரு பத்திரிகை போனால் இன்னொன்று போட்டுக்கொள்ள அன்று வழி இருந்தது. இன்றோ செய்தி, தபால், மணியார்டர், கடைக்கணக்கு, பிள்ளைகளின் பாடம் ஆகிய யாவும் ஒரே வழியில் போகின்றன. அந்த வழியையே ஓர் உத்தரவினால் அடைத்துவிடுகின்றார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான் என்றாலும், 2017-ல் இதற்கென விதிகள் செய்யப்பட்டது அவன் 1885-ல் போட்ட தந்திச் சட்டத்தின் கீழ்தான்! 2023-ல் வந்த புதுச் சட்டமும் இந்த அதிகாரத்தைக் கைவிடவில்லை.

கேட்டால், வதந்தி பரவிக் கலகம் வரும் என்கிறார்கள். வதந்தியால் உயிர் போவதுண்டு; நான் மறுக்கவில்லை. ஆனால் 1995 செப்டம்பர் 21-ல் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற புரளி ஒரே நாளில் நாடு முழுவதும் பரவிற்றே, அன்று எத்தனை பேர் கையில் இணையம் இருந்தது? புரளிக்கு வாயே போதும். அதைப் பொய்யென்று காட்டுகிறவனுக்குத்தான் வழி வேண்டும். அடைபடுவது அவன் வழியே.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்தவர்களைப் போலீசார் சுட்டு 13 பேர் மாண்டார்கள். உடனே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று ஜில்லாக்களிலும் இணையம் நிறுத்தப்பட்டது. பத்திரிகைகள் வரத்தான் வந்தன. ஆனால் நேரில் கண்டவன் தான் கண்டதைப் படத்தோடு அனுப்ப முடியவில்லை. போலீசார் அத்துமீறினார்கள் என்று ஓய்வுபெற்ற நீதிபதியின் விசாரணைக் கமிஷன் சொன்னது சட்டசபையில் வைக்கப்பட்டது 2022-ல்! சுட்டது சர்க்காரின் போலீஸ். எது வதந்தி என்று தீர்மானித்ததும் அதே சர்க்கார். திருடனே தீர்ப்புச் சொல்வதை எந்த ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளும்?

காஷ்மீரத்தில் 2019 ஆகஸ்டில் அடைத்ததை, 2020-ல் ஆமை வேகத்தில் கொஞ்சம் திறந்து, 2021 பிப்ரவரியில்தான் பழையபடி விட்டார்கள். ஒன்றரை வருஷம்! வியாபாரியும் மாணவனும் செய்த குற்றம் என்ன? ராஜஸ்தானத்தில் 2021-ல் உபாத்தியாயர் பரீட்சையில் காப்பியடிப்பார்களென்று பல ஜில்லாக்களில் நிறுத்தினார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற புத்தி இது.

நிற்க. 2020 ஜனவரி 10-ல் சுப்ரீம் கோர்ட், காலவரையின்றி நிறுத்தக்கூடாது, உத்தரவைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உத்தரவென்ன, கர்ப்பக்கிரகத்து மந்திரமா, நம் காதில் விழாமலிருக்க? இனி உங்கள் ஊரில் இணையம் நின்றால், "மேலிடத்து உத்தரவு" என்றதும் தலையாட்டிவிட்டு வராதீர்கள். யார் போட்டது, என்ன காரணம், எத்தனை நாள் என்று கேட்டு, நகல் கோரி உள்துறைச் செயலாளருக்குத் தபாலில் மனுப்போடுங்கள். தபாலை இன்னும் நிறுத்தவில்லை. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க இவ்வூர் வக்கீல் தோழர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரைப் பாருங்கள்.