இருக்கையும் ஒழுக்கமும்

 

"ஐயா, நம்ம பையன் ஒரே சேட்டை. நல்லா நாலு போடுங்க!" என்று ஆசிரியரிடம் சொல்லும் பெற்றோர் மேரு வட்டாரத்திலும் உண்டு. அதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: அவன் வகுப்பில் எங்கே உட்கார்கிறான்?

பால்மரத்தை நிரை பிடித்து நட்ட பரம்பரை நாம். நெருக்கி நட்டால் மரம் பெருக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைகளும் அப்படித்தான். முழங்கை இடித்தால் சண்டை வரும். கரும்பலகை தெரியாவிட்டால் பக்கத்துப் பையனோடு பேச்சு வரும். ஆசிரியர் நடந்து வர வழியில்லாத மூலையில் வம்பு வளரும்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட முதலாளி மேல் வைத்தது. பல தோட்டங்களில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒன்றாக! அந்த நெருக்கடியில் பிரம்புதான் பேசியது.

1983-இல் கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் நாடெங்கும் வந்தது. மேசைகளைக் கூட்டிப் போட்டுக் குழுவாக உட்காரும் பழக்கமும் பரவியது. பேசிப் படிக்க அது நல்லது. தனியாக எழுதும்போது? 1981-இல் இங்கிலாந்தில் கெவின் வெல்டால் குழுவினர் பதினொரு வயதுப் பிள்ளைகளின் இரண்டு வகுப்புகளைக் கவனித்தார்கள். வரிசையில் உட்கார வைத்ததும் வேலையில் கவனம் கூடியது. மறுபடி குழுவாக்கியதும் குறைந்தது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்; மாறியது மேசைதான்!

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரோரம் கரும்பலகை அமைத்தார்கள். எழுத இடம் கிடைத்த கை கிள்ளப் போகுமா?

ஆகவே ஆசிரியர்களே, வேலைக்கு ஏற்றபடி மேசையை மாற்றுங்கள். நடக்க வழி விடுங்கள். சேட்டைக்காரனை உங்கள் பார்வைக்கு அருகில் வையுங்கள். ஆனால் அதைத் தண்டனையாக்காதீர்கள். மாதம் ஒருமுறை இடம் மாற்றுங்கள். வருடம் முழுக்கக் கடைசி மேசையிலேயே இருக்கும் பிள்ளை, தன்னையும் கடைசி என்றே நினைத்துக்கொள்ளும்.

பெற்றோர்களே, வீடு சின்னதாக இருக்கலாம். ஒரு மூலை, ஒரு விளக்கு, ஒரு மணி நேரம் தொலைக்காட்சிக்கு ஓய்வு. இவ்வளவு போதும். தம்பி, தங்கைகளே, பள்ளி விட்டுப் போகும்போது நாற்காலியை உள்ளே தள்ளி வையுங்கள். ஒழுக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளை வாழ்த்துகிறேன். வாங்காத பிள்ளைக்கும் முன்வரிசையில் ஓர் இடம் கொடுப்போம்.