வேலியும் புள்ளினமும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் இடம்பெற்ற உரை)



சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே புறத்திணை படிப்பித்துக்கொண்டிருந்தேன். நொச்சித்திணை வந்தது. பகைவர் முற்றுகையிட்ட மதிலை உள்ளிருந்து காக்கும் வீரர் நொச்சிப்பூச் சூடுவர் என்று, புறப்பொருள் வெண்பாமாலை வகுத்த இலக்கணத்தை விளக்கினேன். பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சேர், நொச்சி எண்டால் எப்பிடி இருக்கும்? ஒருக்காக் காட்டுவியளோ?" என்று கேட்டான்.

"நாளைக்கு எங்கள் வீட்டு வேலியிலிருந்து ஒரு கொப்பு முறித்து வாறன்" என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அந்த வேலி அப்போது இல்லை. முந்தைய ஆண்டுதான் அதைப் பிடுங்கி மதில் கட்டியிருந்தேன். மதில் காத்தவர் சூடிய பூவை, மதில் கட்டுவதற்காக வேரோடு கிண்டி எறிந்தவன் நான். அன்று அந்த மாணவனுக்கு நான் சொன்ன விடை "அது ஒருவகைச் செடி" என்பதே. அகராதிகளில் நாம் கண்டு சிரிக்கும் விடை அது.

நேயர்களே, யாழ்ப்பாணத்து வேலி வெறும் எல்லைக்கோடு அன்று. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை மாரியில் நட்டு, அவை தளிர்த்தபின் கிடுகோ பனையோலையோ வைத்து அடைப்பார்கள். பூவரசங் குழை தோட்டத்துக்குப் பசளை. முள்முருக்கங் குழை ஆட்டுக்குத் தீன். இடையிடையே நொச்சியும் ஆடாதோடையும் பாவட்டையும் தாமாகவே வளரும். அவற்றின் மேலே கொவ்வை படரும். கொவ்வைப்பழத்துக்குக் கிளியும் குயிலும் வரும். முள்முருக்குச் செக்கச்செவேலெனப் பூக்கும்போது தேன்சிட்டும் மைனாவும் காகமும் அங்கே கூடிவிடும். வேலியடிச் சருகைக் கிளறிக்கொண்டு புலுனிகள் கூட்டமாய்த் திரியும். செண்பகம் பதுங்கிப் பதுங்கி நடக்கும். அகன்ற இலையைத் தைத்துத் தையற்சிட்டுக் கூடு கட்டும்.

மதில் எழுந்த அடுத்த மாரியில் எங்கள் வளவில் புலுனியைக் காணவில்லை. முதலில் நான் அதைக் கவனிக்கவுமில்லை. காலையில் ஏதோ குறைகிறது என்ற உணர்வு மாத்திரம் இருந்தது. 2009 இல் யுத்தம் முடிந்தபின் வீடுகளைத் திருத்திக் கட்டிய காலத்தில் ஊரெங்கும் இப்படித்தான் வேலிகள் மதில்களாயின. ஆண்டுதோறும் வேலியடைக்க ஆளும் இல்லை, ஓலையும் இல்லை என்பது நியாயமான காரணமே. நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் மதிலோடு சேர்த்து மரத்தையும் ஏன் வெட்டினோம் என்று கேட்டால் அதற்கு விடை இல்லை.

பழந்தமிழர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். ஐந்து நிலங்களுக்கும் அவர்கள் இட்ட பெயர்கள் செடி கொடி மரங்களின் பெயர்களே. தொல்காப்பியர் கருப்பொருளைத் தொகுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்தார். குறிஞ்சிக்கு வேங்கையும் மயிலும், முல்லைக்குக் கொன்றையும் காட்டுக்கோழியும், நெய்தலுக்குப் புன்னையும் கடற்காகமும் எனப் பிற்கால இலக்கண நூலாரும் உரைகாரரும் விரித்துரைத்தனர். இவற்றைப் பரீட்சைக்கான பட்டியலாகவே நாம் மனனஞ் செய்விக்கிறோம். எந்த மண்ணுக்கு எந்த மரம், எந்த மரத்துக்கு எந்தப் பறவை என்ற உறவு அதற்குள் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

அவ்வுறவின் காரணத்தை இன்றைய விஞ்ஞானம் தெளிவாக்கியுள்ளது. பழம் தின்னும் பறவைகளிலும் தேன் அருந்தும் பறவைகளிலும் பல, தம் குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளையே ஊட்டுகின்றன. அந்தப் புழுக்களோ எல்லா இலைகளையும் தின்பவையல்ல. பல இனங்கள் தாம் நெடுங்காலமாகப் பழகிய சில செடிகளிலேயே வாழ்கின்றன. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் ஒருவகை, எருக்கலையில் இன்னொருவகை, ஆடுதீண்டாப்பாளையில் வேறொருவகை என வண்ணத்துப்பூச்சிகள் தேடித்தேடி முட்டையிடுகின்றன. அமெரிக்கப் பூச்சியியற் பேராசிரியரான டக்ளஸ் டலமி 2007 இல் வெளியிட்ட நூலொன்றில் இதனையே வற்புறுத்தினார். அந்நாட்டு ஓக் மரங்கள் ஐந்நூறுக்கு மேற்பட்ட இனப் புழுக்களுக்கு உணவாக, ஆசியாவிலிருந்து கொண்டுபோன கிங்கோ மரம் விரல்விட்டு எண்ணத்தக்க சிலவற்றுக்கே உணவாகிறதாம். அழகுக்காக நாம் வாங்கும் பூச்சாடிச் செடிகள் பலவும் இத்தகையனவே. அவற்றைப் பூச்சி அரிக்காது என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். பூச்சிக்கு உணவில்லையெனில் குஞ்சுக்கும் உணவில்லை.

அந்நியச் செடி அனைத்தும் பகையென்று நான் சொல்ல வரவில்லை. மிளகாயும் பப்பாளியும் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. அவையின்றி நமக்குச் சமையலும் இல்லை, முற்றமும் இல்லை. ஆயினும் நாயுண்ணியைப் பாருங்கள். பூவழகுக்காக 19 ஆம் நூற்றாண்டிலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட செடி அது. அதன் பழத்தைப் பறவைகள் விரும்பி உண்கின்றன. உண்ட வித்தைக் காடெங்கும் பரப்புகின்றன. உடவளவை வனத்தில் யானை மேயும் புல்வெளிகளையே அது மூடிவருகிறது. ஆகவே பறவை உண்கிறது என்பது மாத்திரம் ஒரு செடியின் நன்மைக்குச் சான்றாகாது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? மதிலை இடிக்கவேண்டியதில்லை. மதிலின் உட்பக்கத்தில் மூன்றடி நிலம் விட்டால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு பூவரசங் கதியாலும் முள்முருக்கங் கதியாலும் நடலாம். இடையில் நொச்சி, பாவட்டை, ஆடாதோடை வைக்கலாம். கொவ்வையை மதிலின் மேல் படரவிடலாம். வளவு பெரிதாயின் மூலையில் ஒரு நாவல் நிற்கட்டும். பட்டுப்போன பனை, வீட்டுக்கோ வழிப்போக்கருக்கோ ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் அதைத் தறிக்க அவசரப்படாதீர்கள். அதன் பொந்தில் கிளியும் மைனாவும் குடியிருக்கும். உயிருள்ள பனையின் தொங்கும் ஓலையிலே பனை உழவாரக்குருவி கூடு ஒட்டும். சருகை முழுவதும் கூட்டி எரிக்காமல் மரத்தடியில் சிறிது விடுங்கள். கோடையில் ஒரு சட்டியில் இரண்டங்குலத் தண்ணீர் வையுங்கள். ஆனால் நுளம்பு பெருகாதபடி நாள்தோறும் அதை மாற்றுங்கள். பூச்சிமருந்து அடிக்கும் வளவில் இவை எதனாலும் பயனில்லை.

நானும் அப்படியே நட்டேன். முதலிரண்டு ஆண்டுகள் ஒன்றும் வரவில்லை. அயலவர், "வாத்தியார் பாம்புக்கு வீடு கட்டுறார்" என்று பகிடி பண்ணினார்கள். மூன்றாம் ஆண்டு மாரி கழிந்து ஒரு காலை, மதிலோரச் சருகில் சலசலப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஏழு புலுனிகள். அவற்றை விரட்டிவிடுவேனோ என்று பயந்து, தேநீர்க் கோப்பையோடு நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றேன்.

இப்போது நொச்சித்திணை படிப்பிக்கும் நாளில் ஒரு கொப்பு முறித்துச் செல்கிறேன். அது மேசையிலிருந்து பின்வாங்குவரை கைமாறிச் செல்கிறது. மாணவர் கசக்கி மணந்து பார்க்கிறார்கள். "ஆச்சி ஆவி பிடிக்கப் போடுற இலை" என்று யாரோ ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிடுகிறது. முதலிற் கேட்ட மாணவன் கல்லூரியை விட்டுப் போய்விட்டான். அவனுக்குக் காட்டவேண்டிய கடன் என்னிடம் இன்னும் இருக்கிறது. நேயர்களே, மரம் போனால் புள் போகும். இரண்டும் போனால், நம் பாட்டுகளிலே அவற்றைக் குறித்த சொற்கள் பொருளற்றுப்போகும். வருகிற மாரிக்கு ஒரு கதியாலாவது நடுங்கள்.