எரிமலைத் தீவில் ஒரு நிலவியல் உலா
(இலக்கிய வட்டத்தின் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கவிதையும் காப்பியமும் ஒலித்த இம்மேடையில் கல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டும். பயணம் என்றால் கோயில், கடற்கரை, கடைத்தெரு என்று பார்த்துத் திரும்புவது நம் வழக்கம். அண்மையில் நான் சென்று வந்தது வேறு வகைப் பயணம். நிலவியல் உலா என்று அதற்குப் பெயர். பாறைகளைப் பார்ப்பதற்கென்றே 14 பேர் ஒன்றுகூடினோம். ஓய்வு பெற்ற நிலவியல் பேராசிரியர் ஒருவர் தலைமை ஏற்க, அவ்வூர் வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, நான்கு நாள்கள் நடந்தோம். சென்ற இடம் ரீயூனியன் தீவு. மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவில் இந்தியப் பெருங்கடலில் அது கிடக்கிறது. 1946 முதல் பிரெஞ்சு நாட்டின் ஒரு மாவட்டமாகவே ஆளப்பட்டு வருகிறது.

புறப்படும் முன் நண்பர் ஒருவர் கேலி செய்தார். "பாண்டி நாட்டுப் பஞ்சபூதத் தலங்களில் நம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயில் ஆகாயத் தலம், தீக்குரிய கரிவலம்வந்தநல்லூரோ கூப்பிடு தூரம். தீயைக் காண இவ்வளவு தொலைவு போக வேண்டுமா?" என்றார். நியாயமான கேள்வியே. ஆனால் நிலத்தடித் தீயைக் காண விரும்புவோருக்கு நம் மாவட்டம் உதவாது. நம்மருகே நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை எரிமலைக் குழம்பால் ஆனதன்று. பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் உருமாறிய பழம்பாறைகளே இங்குப் பெரிதும் உள்ளன. அவற்றுள் ஒன்றின் பெயர் சார்னோக்கைட். பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறைக்குச் சென்னைப் பல்லாவரத்துக் கல்லை எடுத்துச் சென்று பதித்தார்கள். பின்னாளில் அந்தப் பாறை வகையை ஆராய்ந்த ஹாலந்து என்னும் நிலவியலார் அவர் பெயரையே அதற்கு இட்டுவிட்டார். தமிழ்நாட்டுக் கல், வங்காளத்துக் கல்லறை, ஆங்கிலேயப் பெயர்!

ஆயின் இதே மலைத்தொடரின் வடபகுதி, மராட்டியத்தில், முழுக்க முழுக்க எரிமலைப் பாறை. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து தீக்குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்தது. இன்றும் சுமார் 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அது கிடக்கிறது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்தக் கல்லிலேதான். அத்தனை குழம்பையும் உமிழ்ந்த அடுப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால், ரீயூனியன் தீவுக்கு அடியில் என்று நிலவியலார் பெரும்பாலோர் விடை கூறுகின்றனர்.

அடுப்பு நகர்ந்து போய்விட்டதா? இல்லை, நகர்ந்தது நாம். தையல் இயந்திரத்தை எண்ணிப் பாருங்கள். ஊசி ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருக்கிறது, துணிதான் நகர்கிறது, துணிமேல் வரிசையாகத் தையல் விழுகிறது. பூமிக்கடியிலிருந்து எழும் வெப்பம் ஊசி. மேலே நகரும் நிலத்தட்டு துணி. அக்காலத்தில் இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கே விரைந்துகொண்டிருந்தது. அது கடந்து சென்ற வழியில் இலட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடித்தளங்கள் எழுந்தன. பின்னர் மொரீசியஸ், சுமார் 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். கடைசித் தையல் ரீயூனியன். கடலுக்கு மேல் அது தலைகாட்டி இருபது முப்பது இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. நிலவியல் கணக்கில் அது கைக்குழந்தை.

அந்தக் குழந்தை இன்னும் அழுதுகொண்டிருக்கிறது. தீவின் வடமேற்கிலுள்ள பழைய சிகரம் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து அணைந்து நிற்கிறது. தென்கிழக்கிலுள்ளதோ உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் ஒன்று. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்பது அதன் பெயர். உலைச் சிகரம் என்று நாம் பெயர்க்கலாம். உயரம் ஏறத்தாழ 2,630 மீட்டர்.

முதல் நாள் எரிமலை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் விடியுமுன் மேலே சென்றோம். புல்வெளியும் பசுக்களும் திடீரென்று முடிந்து, செம்மையும் கருமையும் கலந்த மணற்சமவெளி ஒன்று விரிந்தது. அதைக் கடந்தால் செங்குத்தான பாறைச் சுவர். அதன் விளிம்பிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் கீழே இறங்குகின்றன. இறங்கினால் நாம் நிற்பது உறைந்த தீக்குழம்பின் மேல். பாதை என்று ஒன்றும் இல்லை; கரும்பாறையில் வெள்ளைச் சாயத்தால் இட்ட புள்ளிகளே வழி. பனிமூட்டம் இறங்கினால் அடுத்த புள்ளி தெரியாது. அதனால் முன்செல்பவரை மறைய விடக்கூடாது என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொன்னார்.

சுவரடியில் ஒரு சிறு கூம்பு, நடுவே குழியுடன், செந்நிறமாக நிற்கிறது. 1753இல் பொங்கிய வாய் அது. ஃபோர்மிகா லியோ என்று இலத்தீனில் பெயரிட்டிருக்கிறார்கள். பேராசிரியர் பொருள் கூறியதும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்த் திண்ணையடி மணலில் சுழன்று சுழன்று குழி பறிக்கும் குழியானைதான் அது! நம்மவர் அந்தப் பூச்சியை யானை என்றனர். இலத்தீன்காரர் எறும்புச் சிங்கம் என்றனர். குழி ஒன்றே.

பாறையைப் படிக்கும் முறையையும் அங்கே கற்றேன். குழம்பு நிதானமாக ஓடி மேல்தோல் மட்டும் உறைந்து மடிந்தால், முறுக்கிய கயிறுகளை அடுக்கியதுபோல் ஆகிறது. விரைந்தோ தடித்தோ ஓடினால் உடைந்த செங்கற்சூளைபோல் முள்முள்ளாக நிற்கிறது. ஒரே கல், ஒரே வாயிலிருந்து வந்தது. ஓடிய நடை வேறு. சில கற்களில் ஆலிவின் என்னும் பச்சை மணிகள் பதிந்து மின்னின. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு வழிகாட்டி கைகூப்பி மறுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலை. 2007 ஏப்ரலில் வந்த பெரும் பொங்கல் இச்சாலையைத் துண்டித்துக் கடலில் இறங்கித் தீவுக்குப் புது நிலம் சேர்த்தது. அதே நேரத்தில் உச்சியிலுள்ள பெருவாய் 300 மீட்டருக்கும் ஆழமாக உள்ளே இடிந்து விழுந்தது. சாலையோரத்தில் ஓட்டங்களின் வயதைச் செடிகொடிகளே கூறுகின்றன. முதலில் சாம்பல்வெள்ளை நிறத்தில் கற்பாசி, அடுத்துப் பெரணி, பிறகு சிறுமரம், பின்பு காடு. 2004ஆம் ஆண்டு ஓட்டத்தில் உட்குழம்பு வடிந்துபோய் விட்டுச்சென்ற சுரங்கத்தினுள் தலைக்கவசமும் விளக்கும் அணிந்து தவழ்ந்து சென்றோம். கூரையிலிருந்து கல் சொட்டுச் சொட்டாகத் தொங்குகிறது.

அதற்கு வடக்கே பித்தோன் சேந்த் ரோஸ் என்னும் சிற்றூர். 1977 ஏப்ரலில் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை அழித்தது. மக்கள் முன்பே வெளியேறிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. மாதா கோயிலின் வாயிலைத் தாண்டி உள்ளே வந்த குழம்பு அங்கேயே நின்று இறுகிவிட்டது. முனை குளிர்ந்ததும் குழம்பு எளிய சரிவை நாடி இருபுறமும் பிரியும் என்றார் பேராசிரியர். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த மூதாட்டிக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை. இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே, 1979இல், எரிமலையை இரவும் பகலும் கண்காணிக்கும் ஆய்வுநிலையம் அமைந்தது.

எங்கள் குழுவில் தமிழார்வலர் ஒருவர் இருந்தார். இது குமரிக்கண்டத்தின் மிச்சமா என்று முதல் நாளிலிருந்தே கேட்டுவந்தார். இந்த அவையிலும் பலர் மனத்தில் அக்கேள்வி இருக்கும். இலெமூரியா என்னும் பெயரை 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார் இட்டார். மடகாஸ்கரில் உள்ளனவற்றை ஒத்த உயிர்கள் இந்தியாவிலும் காணப்படுவது எங்ஙனம் என்பதே அவர் கவலை. நிலங்களே நகர்கின்றன என்று தெளிந்தபின் அக்கருத்துக்குத் தேவை இல்லாமற் போயிற்று. மொரீசியசின் அடியில் மிகப் பழைய கண்டத் துணுக்கு ஒன்று புதைந்திருக்கலாம் என்று 2013இலும் 2017இலும் ஆய்வுகள் வந்தது உண்மை. ஆனால் அது மாந்தர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முந்திய செய்தி. நம் பழைய உரைகள் கூறும் கடல்கோளை இதனோடு முடிச்சுப் போடுவது தமிழுக்குப் பெருமை சேர்க்காது என்பது என் கருத்து.

அந்தத் தீவில் தமிழைத் தேட வேண்டிய இடம் கடலடி அன்று. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் சென்றனர். 1882இல் ஆங்கில அரசு ஆள்பிடிப்பை நிறுத்தும் வரை ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். அவர்களுடைய வழித்தோன்றல்களை அங்கே மலபார் என்று அழைக்கின்றனர். கோயில் உண்டு, தேர் உண்டு, பதினெட்டு நாள் நோன்பிருந்து தீ மிதிப்பதும் உண்டு. மொழி மட்டும் வீட்டை விட்டுப் போய்விட்டது. நண்பகல் உணவின்போது கவனித்தேன்: கொத்துமல்லிக்குக் 'கொத்தோமிலி', கறிவேப்பிலைக்குக் 'கலூப்பிலே', ஊறுகாயின் திரிபாக 'ருகாய்' என்னும் தொடுகறி. நாக்கின் சுவையோடு ஒட்டிய சொற்கள் மட்டும் பிழைத்திருக்கின்றன.

எங்கள் வழிகாட்டியும் அவ்வினத்தவரே. அவருடைய குடும்பப் பெயர் நம் ஊர் வாக்காளர் பட்டியலில் பக்கத்துக்கு இரண்டு முறை வரக்கூடியது. பிரெஞ்சு எழுத்தில் எழுதி அவர் ஒலித்தபோது எனக்கு விளங்கவில்லை. எந்தக் குழம்பு எந்த ஆண்டு ஓடியது என்று கண்ணை மூடிக்கொண்டு கூறுபவர், தம் பாட்டனாரின் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை அறியார். ஒப்பந்தப் பதிவேட்டு எண் ஒன்று மட்டும் குடும்பத்தில் காக்கப்பட்டிருக்கிறது.

கடைசி நாள் மாலை அவர் ஒரு பையிலிருந்து பழைய குறிப்பேட்டின் நகலை எடுத்தார். 'நார்ல்கோன்' பாட்டு என்றார். நாடகம் என்னும் நம் சொல்லே அப்படி ஆகியிருக்கிறது. நம் வடமாவட்டத் தெருக்கூத்தின் வழிவந்த பாரத நாடகம் அது. 'வர்த்தியால்' எனப்படும் வாத்தியார் பாடம் சொல்ல, பொருள் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகிறார்கள். அக்குறிப்பேட்டில் தமிழடிகள் பிரெஞ்சு எழுத்தில் காதால் கேட்டபடி எழுதப்பட்டிருந்தன. அவர் தீ மிதிக்கும்போது வணங்கும் 'பாண்டியாலே' யார் என்று முதலில் கேட்டார். பாஞ்சாலி என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு நான் ஒவ்வோர் அடியாக வாய்விட்டுப் படிக்க, சில இடங்களில் தமிழ் துலங்கியது. பல இடங்களில் துலங்கவில்லை. சொல் எங்கே முடிகிறது என்பதே தெரியவில்லை. விளங்கிய அடிகளின் பொருளைப் பேராசிரியர் ஆங்கிலத்தில் கூறக் கூற, அவர் அந்த அடிகளை மெதுவாகத் திரும்பப் பாடினார். நாங்கள் மேசையை விட்டு எழும்போது விடுதியின் விளக்குகளை அணைக்கத் தொடங்கியிருந்தனர்.

அந்தப் பக்கங்களின் படி ஒன்றை அவர் எனக்குத் தந்திருக்கிறார், 22 பக்கங்கள். ஒன்பது பக்கங்களுக்கு மேல் என்னால் செல்ல இயலவில்லை. நம் வட்டத்தில் கூத்துப் பனுவல்களில் பழக்கமுள்ளவர்கள், அல்லது வடாற்காடு, தென்னாற்காட்டுப் பக்கத்துக் கூத்து வாத்தியார்களை அறிந்தவர்கள் இருப்பின், கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்க வேண்டுகிறேன். படித்தவரை தமிழ் எழுத்தில் எழுதி, பொருளும் சேர்த்து, அடுத்த தீமிதிக்கு முன் அவருக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.