வயலில் கிடைத்த வெண்கல ஊக்கு

இங்கிலாந்தில் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பது பலருக்குப் பொழுதுபோக்கு. அப்படி நடப்பவர்கள் கையில் அடிக்கடி அகப்படுவது, களிம்பேறிப் பச்சையாகிப்போன வெண்கல ஊக்கு. ரோமானியர் காலத்தில் மேலாடையைத் தோளில் பிடித்து நிறுத்தியது அதுதான்.

அதன் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கார்பன் சோதனை உலோகத்துக்கு உதவாது. வடிவம்தான் சாட்சி. முதுகு எப்படி வளைந்திருக்கிறது, முள் கீலில் ஆடுகிறதா சுருளில் ஆடுகிறதா, முனையைச் செருகும் கொக்கி எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு, அகழாய்வில் நாணயங்களோடு கிடைத்த ஊக்குகளோடு ஒப்பிடுவார்கள். சிலவற்றின் தலைப்பட்டையில் 'அவுகிஸ்ஸா' என்ற பெயரே பொறித்திருக்கும். செய்தவர் பெயராக இருக்கலாம். அந்த வகை, கி.பி. 43-இல் பிரிட்டனுக்குள் புகுந்த ரோமானியப் படையோடு வந்தது. ஆக, அது ஒரு சிப்பாயின் தோளில் இருந்திருக்கவும் கூடும். முள் மட்டும் பெரும்பாலும் ஒடிந்துபோயிருக்கும்.

கிடைத்த ஊக்கை நம் வீட்டுக் குத்துவிளக்கைப்போல் புளி போட்டுத் தேய்த்தால் தீர்ந்தது கதை! நுண்ணிய வேலைப்பாடு களிம்போடு போய்விடும்.

இப்படிக் கிடைக்கும் பழம்பொருள்களைப் பதிவுசெய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். திட்டத்தின் அதிகாரி பொருளை எடை போட்டு, படமெடுத்து, கிடைத்த இடத்தையும் குறித்துக்கொள்வார். ஆய்வாளருக்குப் பொருளைவிட அந்த இடம்தான் பெரிது. சாதாரண வெண்கல ஊக்கு என்றால் கொண்டுவந்தவரிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். இப்படிப் பதிவான பொருள்கள் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம்.