முந்தாநாள் தண்ணி

இன்னைக்கு எபிசோட்ல, ஜோடியா வேலை செய்யிற ரெண்டு ரேடியோ மோடம் எப்படி ஒண்ணை ஒண்ணு புரிஞ்சுக்குதுன்னு பார்ப்போம். இதுல நான் வாங்கின அடியும் இருக்கு.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். ரெண்டும் பிரியிற இடம் முக்கொம்பு. 1836-ல ஆர்தர் காட்டன் அங்கே கட்டின மேலணையில, 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடம் பக்கம் 9 மதகு அடிச்சுக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம், ஆத்துல தண்ணி ஏறினா வீட்டிலேயே தெரியணும்னு நினைச்சேன். கொள்ளிடக் கரையில பெரியப்பாவோட வாழைத்தோப்புல ஒரு சென்சார், ஒரு மோடம். ஸ்ரீரங்கத்துல எங்க மொட்டைமாடியில இன்னொண்ணு. 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், பவர் வரம்புக்குள்ள இருந்தா நம்ம ஊர்ல லைசென்ஸ் வேண்டாம்.

காத்துல எப்பவும் இரைச்சல் இருக்கும். அதனால கரை மோடம் எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைச் சொல்லாது. முதல்ல 1, 0, 1, 0ன்னு மாத்தி மாத்தி அனுப்பும். நாம போன்ல "ஹலோ, ஹலோ"ங்கிற மாதிரி. வீட்டு மோடம் அந்தத் தாளத்தைப் பிடிச்சுக்கும். அடுத்து ரெண்டுக்கும் பொதுவான ஒரு அடையாளச் சொல் வரும். அது பொருந்தினாதான் மிச்சத்தைப் படிக்கும்.

கடைசியில ஒரு சரிபார்ப்பு எண். கணக்கு இடிச்சா பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுடும். சரியா இருந்தா "கிடைச்சுது"ன்னு பதில் போகும். பதில் வரலைன்னா கரை மோடம் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பும். ஒருவேளை தொலைஞ்சது அந்தப் பதிலா இருந்தா? அதுக்குத்தான் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண். ஒரே எண் ரெண்டு தடவை வந்தா, ஒண்ணை விட்டுடும்.

கடிகாரமும் முக்கியம். 20 பிபிஎம் பிழை இருக்கிற கிரிஸ்டல், ஒரு நாளைக்கு 1.7 செகண்ட் வரை தள்ளிப் போகும். அதனால பதிலோடவே நேரத்தையும் அனுப்பிச் சரி பண்ணணும்.

இவ்வளவும் பண்ணிட்டேன். ஒரு ஆடி மாசம், ஸ்க்ரீன்ல தண்ணி "நார்மல்". பெரியப்பா தோப்புக்குப் போனா, மோட்டார் முங்கிக் கிடக்கு. கரை மோடத்தோட பேட்டரி செத்து ரெண்டு நாள் ஆயிருக்கு. நான் கடைசி அளவையே காட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

"டேய், நீ காட்டினது முந்தாநாள் தண்ணிடா"ன்னார்.

வந்த செய்தி சரியான்னு பார்க்க ஆயிரம் வழி வச்சேன். செய்தியே வரலைன்னா என்னன்னு யோசிக்கலை. இப்போ ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் நேரம் இருக்கு. தொடர்ந்து மூணு தடவை வரலைன்னா ஸ்க்ரீன் சிவப்பாயிடும், பெரியப்பா போனும் அடிக்கும்.

நீங்க எதையாவது கண்காணிச்சா, மௌனத்துக்கும் ஒரு அலாரம் வைங்க.