ஒரு பொருளுக்கு ஒரு பெயர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மருத்துவம் பயிலாத ரயில்வே குமாஸ்தா ஒருவன் அறுவை மருத்துவம் பற்றிப் பேச வந்திருப்பது வியப்பளிக்கலாம். குடும்பத்தில் நேர்ந்த துன்பமே என்னைப் பேச வைக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தம்பியின் காலில் லாரி ஏறி, எலும்பு தெரியுமளவு தோலும் தசையும் சிதைந்தன. மருத்துவர் தொடைத் தோலை அதன் இரத்தக் குழாயுடன் எடுத்துக் காயத்தில் பொருத்தினார். இவ்வாறு குழாயுடன் பெயர்க்கப்படும் பகுதியைத் திசுமடல் என்பர். பின்னர் வேற்றூர் மருத்துவமனைக்குச் சென்றோம். முதற் சீட்டில் ஒரு பெயர். அங்கு எழுதியதோ வேறு பெயர். அறுவை இரண்டோ என்று அன்னையார் கலங்கினார். இரண்டும் ஒன்றே, ஒருவர் எடுத்த இடத்தாலும் மற்றவர் ஊட்டும் குழாயாலும் பெயரிட்டிருந்தனர்.

இக்கலை நமக்குப் புதிதன்று. கன்னத் தோலால் மூக்கமைப்பதைச் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. நெற்றித் தோலால் மூக்கமைத்த புனாச் செய்தியை 1794இல் இலண்டன் இதழொன்று வெளியிட்டது. 1814இல் கார்ப்யூ அதனை இலண்டனில் செய்தார். அதற்கு ‘இந்திய முறை’ என்று பெயர் வழங்கலாயிற்று. அப்பெயர் நமக்குப் பெருமையே. ஆயினும் எக்குழாய் என்பதை அது சொல்லாது.

1989இல் ஜப்பானியரான கோஷிமாவும் சோயேடாவும், வயிற்றுத் தசையை விட்டுவிட்டு, அதைத் துளைத்து வரும் சிறு குழாயைக் கொண்டே தோலை எடுக்கலாம் என எழுதினர். இவ்வகை மடல்கள் பெருகின, பெயர்களும் பெருகின. 2001இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் அறிஞர் கூடி ஆய்ந்தனர். ஊட்டும் குழாயாலேயே பெயரிடுக, தசையால் அன்று. ஒரே குழாயில் பல மடல்கள் கிடைப்பின் இடத்தையோ தசையையோ சேர்த்துரைக்க என்னும் அவர்தம் முடிவு 2003இல் வெளியாயிற்று. எனினும் பழம்பெயர்கள் வழக்கொழியவில்லை.

ஒத்த பெயருடைய நிலையங்கள் இருப்பினும், குறியெழுத்து வேறாதலால் நம் பார்சல் வழி தவறுவதில்லை. உடலுக்கும் அத்தெளிவு வேண்டாமா? முன்பே எடுத்துவிட்ட குழாயை அடுத்த மருத்துவர் அறியாது நம்பினால், புதிய மடல் பிழைக்காது.

ஆகவே அன்பர்களே, அறுவைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். எங்கிருந்து எடுத்தார்கள், எக்குழாயுடன், எங்கே வைத்தார்கள் என்னும் மூன்றையும் எழுதித் தரும்படி பணிவுடன் கேளுங்கள். என் தம்பி இன்று கைத்தடியின்றி நடக்கிறான். அவன் சீட்டுகள் என் பெட்டியில் பத்திரமாக உள்ளன.