வெளுத்த பவளம்

தில்லியில் நண்பர் ஒருவர், தம் வீட்டுக் கடல்மீன் தொட்டியிலிருந்த கற்பவளம் சென்ற கோடையில் வெளுத்துவிட்டதென்று அதை எறியப் புறப்பட்டார். உருப்பெருக்காடி கொண்டு பார்த்தோம். வெள்ளை எலும்பின்மீது கண்ணாடி போன்ற சதை இருந்தது. உயிர் போகவில்லை, பவளத்துக்கு உணவும் நிறமும் அளிக்கும் நுண்பாசிகளே வெப்பம் தாளாமல் நீங்கியிருந்தன. சதையழிந்து, பச்சைப்பாசி மூடிய எலும்பே இறந்த பவளம்.

கற்பவளத்தை இனங்காண, விளக்கணைத்தபின் இரவில் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை அப்போதுதான் உணர்கொம்புகளை விரிக்கும். அவை ஆறாகவோ ஆறின் மடங்காகவோ இருக்கும். எட்டாயின் வேறு இனம். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளமும் அந்த எட்டின் உறவே!

பராமரிப்பில் முதற்கவலை வெப்பம். 25, 26 டிகிரி செல்சியஸ் நன்று. 30ஐத் தாண்டி நீடித்தால் ஆபத்து. உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவும், எலும்பு வளரக் கால்சியம் 400 மில்லிகிராமுக்குக் குறையாமலும் வேண்டும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுக. உப்பு ஆவியாவதில்லை அல்லவா? நண்பர் நீரைக் குளிர்வித்தார், ஒளியைக் குறைத்தார். சில மாதங்களில் பழுப்பு நிறம் மெல்லத் திரும்பிற்று.

இன்னொன்று. 2001 முதல் கற்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. ஊருக்குச் சென்று திரும்புகையில் இராமேசுவரக் கரையில் கிடைத்த துண்டைப் பெட்டியில் வைத்துவருவதும் குற்றமே. நண்பரின் பவளம் அனுமதியுடன் இறக்குமதியானது என்றார் கடைக்காரர். அதற்குரிய தாளை இன்றுவரை காட்டவில்லை.